உங்களுக்குத் தெரியுமா? ஒரு டாலர் சந்தாவில் பிழைத்த விரிகுடா

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரங்களைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்குவதே அபிவிருத்தி என்று நகரசபைகள் கருதிய காலத்தில், பெர்க்லி நகரம் மட்டுமே ஏறக்குறைய 2,000 ஏக்கர் நீர்ப்பரப்பைத் தூர்க்க உத்தேசித்திருப்பதை அறிந்து மனம் பதைத்த கேத்தரின் கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்னும் மூன்று மாதர்கள், 1961இல் ஒரு டாலர் சந்தாவில் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். எந்தப் பதவியும் வகிக்காத அவர்களுடைய இடையறாத பிரயத்தனத்தால் பொதுஜன அபிப்பிராயம் திரண்டு, 1965இல், அனுமதியின்றி விரிகுடாவைத் தூர்க்கலாகாது என்னும் சட்டம் பிறந்தது. அதன்படி அமைந்த ஆணையம் 1969இல் நிரந்தரமாயிற்று.

எஞ்சியதைக் காத்ததோடு அவ்வூரார் திருப்தியடையவில்லை என்பதே நம் நெஞ்சைத் தொடும் விஷயம். 2003இல் அரசாங்கம் வாங்கிய 15,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்களில், கரைகளை ஆங்காங்கே உடைத்துக் கடலோதத்தை உள்ளே விட, அது சுமந்து வரும் வண்டல் சிறுகச் சிறுகப் படிந்து, உவர்ச்செடிகள் வேரூன்றி, நீரைத் தெளிவித்து அலைவேகத்தைத் தணிக்கும் சதுப்பு நிலம் மறுபடியும் உருவாகி வருகிறது. இத்தகைய கைங்கரியத்துக்காக, விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டங்களின் வாக்காளர்கள், 2016இல், மனை ஒன்றுக்கு ஆண்டுதோறும் 12 டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்குத் தம்மீது தாமே வரி விதித்துக்கொண்டார்கள்.