உங்களுக்குத் தெரியுமா? 4 சதவீத ஜிம்மி!

1976 ஜனவரியில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வரவேண்டும் என்று காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கா முழுக்கக் கேட்டபோது, ஜிம்மி கார்ட்டர் பெயரைச் சொன்னவர்கள் சுமார் 4 சதவீதம்தான். ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர், நிலக்கடலை விவசாயி. ‘ஜிம்மியா, யாரது?’ என்பதே அன்றைய கிண்டல். அதே மாதம் 19-ஆம் தேதி அயோவா மாநில உட்கட்சித் தேர்வில், ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற அணிக்கு 37 சதவீதம். வேட்பாளர்களில் முதலிடம் கார்ட்டருக்கு, ஏறக்குறைய 28 சதவீதம். நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்றவரும் அவரே!

ஆரம்பக் கணிப்புகளில் பெரும்பாலும் பதிவாவது பெயர் அறிமுகம்தான். கார்ட்டர் மாதக்கணக்கில் அயோவாவின் சிற்றூர்களில் கைகுலுக்கித் திரட்டிய ஆதரவு, நாடு தழுவிய கணிப்பில் எப்படித் தெரியும்? (4 சதவீதக்காரர்கள் எல்லாரும் கார்ட்டர் ஆகிவிடுவதில்லை, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.)

தலைகீழ்க் கதையும் உண்டு. குடியரசுக் கட்சியின் ரூடி ஜூலியானி 2007-இல் பெரும்பாலான மாதங்கள் தேசியக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தார். நியூயார்க் முன்னாள் மேயரை யாருக்குத்தான் தெரியாது? 2008 ஜனவரி இறுதியில், ஒரு மாநிலத்தைக்கூட வெல்லாமல் விலகினார்.