கடலோரப் படங்களில் முகம் கறுப்பது ஏன்?

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பாக, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர் இறந்து ஓராண்டு நிறைவுறும் வேளை அது. நினைவுத் திருப்பலியன்று வைப்பதற்கும், பின்னர் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கும் பெரிய அளவில் ஒரு படம் வேண்டும். மகனுடைய கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "சாமி, அவுக படம் இதுல ஏராளமாக் கெடக்கு. எது நல்லா இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் பார்த்தோம். படங்கள் ஏராளம்தான். பாம்பன் கரையில் பேரப்பிள்ளைகளோடு, விசைப்படகின் அணியத்தில் தோழர்களோடு, தனுஷ்கோடி மணலில் உறவினரோடு என இருநூறுக்குக் குறையாது. கடலின் நீலம் அருமை. வானத்து மேகமும் அருமை. நடுவில் நின்ற மனிதர் மட்டும் கரிக்கட்டையால் வரைந்தாற்போன்ற கறுப்பு உருவம். நின்ற நிலையைக் கொண்டும் தலையில் கட்டிய துண்டைக் கொண்டும் இன்னார் என்று அறியலாமேயன்றி, கண்ணும் மூக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. வீட்டு வாசற்படியில் அமர்ந்து கிழிந்த வலையைச் சீர்செய்தவாறு நிமிர்ந்து பார்க்கிறார்; பேத்தி விளையாட்டாக எடுத்தது. முகம் தெளிவாக இருந்தது. அந்தப் படத்துக்கு நேர்ந்ததைப் பின்னர்ச் சொல்வோம்.

பங்குத்தந்தைக்குக் கைப்பேசி ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். குருமட நாள்களில் ஒரு சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்துப் பழகிய தலைமுறை நாம். ஒரு படம் வீணானால் அந்த மாதத்துக் கைச்செலவில் அது தெரியும். இன்றோ ஆயிரம் படம் எடுப்பினும் செலவில்லை. ஆகவே ஒன்றையும் பார்த்து எடுப்பதில்லை.

முகம் கறுப்பதற்குக் காரணம் கருவியின் பழுதன்று. எதிரே உள்ள காட்சி முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளந்து, அது கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிற அளவில் அமையுமாறு படத்தை எடுப்பது கருவியின் அடிப்படை வழக்கம். ஊருக்குள் தெருவிலோ வயலிலோ இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். நம் கரையிலோ மணல் வெண்மை, நீர் பளபளப்பு, வானம் வெளிச்சம். "ஒளி மிகுந்துவிட்டது" என்று கருவி எண்ணி, உள்ளே விடும் ஒளியைக் குறைக்கிறது. கடலும் வானமும் அழகாக விழுகின்றன. அவற்றின் முன்னே நிற்கும் மனிதர் இருளில் மூழ்கிப் போகிறார். இன்றைய கைப்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு திருத்த முயல்வது உண்மையே. எனினும் முகம் சிறிதாகவும் கடல் பெரிதாகவும் உள்ள படத்தில் அவையும் தவறுகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. படம் எடுக்கும் முன் திரையில் அந்த மனிதரின் முகத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் சிறு சூரியக் குறியோ ஒரு கோடோ தோன்றும். அதை மேல்நோக்கி நகர்த்தினால் படம் வெளிச்சமாகும். முகம் தெளியும்வரை நகர்த்துங்கள். வானம் வெளுத்துப் போகிறதே என்று வருந்த வேண்டா. வானம் நாளையும் இருக்கும். விரலை எடுக்காமல் சற்று அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டப்பட்டு நிற்கும். கூட்டமாக நிற்போரை அடுத்தடுத்து எடுக்கையில் இது பெரிதும் உதவும். எச்.டி.ஆர். என்னும் அமைப்பும் இருக்கிறது. அது ஒரே நொடிக்குள் வெவ்வேறு ஒளி அளவில் சில படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. விலை குறைந்த கைப்பேசிகளில் அது அணைந்து கிடப்பதுண்டு. கடற்கரைக்குச் செல்லும்போது போட்டு வையுங்கள்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியில் இராமேசுவரத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழுந்து இளைஞரும் நோயாளிபோல் தோன்றுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுத் தொழிலாளர் வீட்டில் இருப்பதும், திருமணமும் புதுநன்மையும் கூடி வருவதும் அக்காலத்தில்தான். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்கரைக்கு மேலோ எடுப்பது நலம். உச்சிவேளையில்தான் எடுக்க வேண்டுமெனில், வெயில் நேராக விழாத வாசற்படியில் முகம் வெளியே பார்க்குமாறு அமரச் செய்யுங்கள். அந்தப் பேத்தி ஒன்றும் அறியாமல் செய்தது இதுவே. ஓலைப் பந்தலின் கீழ் மட்டும் வேண்டா. கீற்றின் இடுக்கு வழியே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முகத்தைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சினமூட்டும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அழகூட்டும் அமைப்பு ஒன்று பல கைப்பேசிகளில் வாங்கும்போதே போடப்பட்டிருக்கிறது. 'பியூட்டி' என்று எழுதியிருக்கும். அது தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை மறைத்து, மச்சத்தையும் தழும்பையும் துடைத்துவிடுகிறது. புதுநன்மை வாங்கிய சிறுமி ஒருத்தியின் படத்தை அவள் பாட்டியிடம் காட்டியபோது, "இது யாரு சாமி?" என்று கேட்டார். நெற்றி மச்சமும் இல்லை, நிறமும் அவளுடையதன்று. நிறத்தின் கதை பழையது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அம்முகம் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று கொண்டனர். கறுத்த முகங்கள் எவ்வாறு விழுகின்றன என்பதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 2021ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில், எல்லா நிறத்தார் முகத்தையும் உள்ளவாறு காட்டவென 'ரியல் டோன்' என்னும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. உலகம் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியுள்ளபோது, நம் பிள்ளைகளை நாமே வெளுக்கடிப்பானேன்? அவ்வமைப்பைச் சுழியில் நிறுத்துங்கள்.

இரவில் நிலைமை தலைகீழ். தேர்ப்பவனியின்போது சுற்றிலும் இருள். நடுவே மின்விளக்குகள் சூழ்ந்த தேர். கருவி இருளைக் கண்டு ஒளியைக் கூட்டுகிறது. சுரூபத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிடுகிறது. ஆகவே இப்போது சுரூபத்தைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். பிளாஷ் விளக்கைப் போட வேண்டா. அதன் ஒளி சில மீட்டருக்கு மேல் செல்லாது. முன்னால் நிற்பவரின் பிடரிதான் பளிச்சிடும். 'நைட் மோடு' என்பது ஓரிரு நொடிகளோ அதற்கு மேலுமோ ஒளியைச் சேர்த்து எடுப்பதால், தேர் நிற்கும்போது மட்டுமே பயன்படும். விரலை விரித்துப் படத்தைப் பெரிதாக்காமல், இரண்டடி முன்னே சென்று '1' என்று குறித்த முதன்மை லென்ஸிலேயே எடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் இருட்டில் அதிக ஒளியை வாங்குவது அதுவே.

காணொளியில் நாமே ஒருமுறை தலைகுனிந்தோம். திருவிழாப் பவனி முழுவதையும் ஆர்வத்தோடு எடுத்து, மறுநாள் மண்டபத்தில் திரையிட்டால், படம் நெடுகக் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. இளைஞர்கள் மரியாதை கருதிச் சிரிக்கவில்லை. காரணத்தைப் பின்னரே அறிந்தோம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. கருவியின் ஷட்டர் வேகம் இக்கணக்கோடு ஒத்துப்போகாவிடில் பட்டை விழும். கைப்பேசிகளில் வழக்கமாகக் காணும் 30, 60 என்னும் கணக்கு, 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்காவின் தொலைக்காட்சி முறையை ஒட்டி வந்தது. கேமரா செட்டிங்ஸில் 'ஆன்ட்டி ஃபிளிக்கர்' என்று இருந்தால் 50 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் கையால் அமைக்கும் வசதி இருப்பின் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி என்றும், சட்டங்களை நொடிக்கு 25 என்றும் வையுங்கள். பட்டை மறையும்.

4கே என்னும் சொல்லில் மயங்கவும் வேண்டா. 1080 அளவுக் காணொளியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது அது. கைப்பேசியின் இடத்தையும் விரைவில் விழுங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தில் "இடம் இல்லை" என்று கருவி கைவிரித்ததைக் கண்டிருக்கிறோம். வீட்டுத் தேவைக்கு 1080 போதும். கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நம் கரையில் கச்சான் வீசும் மாதங்களில் பேச்சு எதுவும் கேளாது, இரைச்சலே பதிவாகும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பேசுவோரின் அருகே சென்று எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் இரயில் பாலத்தைப் படம் எடுக்காதவர் இன்று இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரம் செங்குத்தாக மேலெழும்புவது காணத்தக்கதே. 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் நின்று எடுத்தால், பேருந்து செல்லும்போதெல்லாம் கால்கீழே அதிர்ந்து படம் நடுங்கும். கரையில் ஒரு கல்லின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, 'டைம் லாப்ஸ்' அமைப்பில் எடுத்தால், மெல்ல எழும் பாலம் சில நொடிகளில் எழுவதாகக் காணலாம்.

படம் மங்கலாக விழுகிறது என்று குறைகூறுவோர் பலரின் லென்ஸில் உப்புப் படலம் இருப்பதைக் கண்டோம். உலர்ந்த வேட்டி நுனியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப்பின் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றை நாம் சந்தித்ததுண்டு. தாத்தாவின் முகம் எப்படி இருக்கும் என்று பேரன் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. இருந்தவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. சட்டைப் பைதோறும் படக்கருவி இருக்கும் காலத்தில் அவ்வாறு சொல்ல நமக்கு வழியில்லை.

அந்தத் தாய்க்குக் கிடைத்த படத்துக்கு நேர்ந்தது இதுதான். பேத்தி அதை வாட்ஸ்அப் வழியே அத்தைக்கு அனுப்ப, அத்தை மாமாவுக்கு அனுப்ப, அவர் இவர் மகனுக்கு அனுப்பியிருந்தார். வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டே செல்கிறது. 'டாக்குமென்ட்' என்பதைத் தெரிந்து அனுப்பினால் மட்டும் மூலப்படம் குறையாமல் போய்ச் சேரும். 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்ற அளவில் அச்சிட, அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் கணக்கிட்டாலும் 86 இலட்சம் புள்ளிக்கு மேல் வேண்டும். அந்தப் படத்தில் அதில் எட்டில் ஒரு பங்குகூட எஞ்சியிருக்கவில்லை. மூலப்படம் இருந்த கைப்பேசியோ தண்ணீரில் விழுந்து போய்விட்டது.

ஸ்டுடியோக்காரர் நல்லவர். முகம் சிதையாத அளவு இதுவே என்று சொல்லி, 4 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் அச்சிட்டு, பெரிய சட்டத்தின் நடுவே வெள்ளை அட்டையில் பொருத்திக் கொடுத்தார். அத்தாயின் வீட்டுச் சுவரில் அது இப்போது தொங்குகிறது. சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.