தொழில்வழிச் சிகிச்சையில் முதுமாணிப் படிப்பு

மன்னார்க் கரையோரத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடிப் பிழைப்போர் உளர். காற்றுக் கலனைப் பூண்டு ஆழத்தில் நெடுநேரம் தங்கியவர் விரைந்து மேலெழுந்தால், உடலிற் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாக வெளிப்படும். அக்குமிழிகள் முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணைத் தாக்கினால் கால்கள் செயலிழந்துவிடக்கூடும். உயிரைக் காப்பது வைத்தியரின் கடமை. தசைகளுக்கு வலுவூட்டுவது இயன்மருத்துவரின் பணி. அதன் பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. வீடு திரும்பிய அம்மனிதர் நாளைக் காலையில் என்ன செய்வார்? இதற்கு விடை காண்பதே தொழில்வழிச் சிகிச்சை.

இங்கே தொழில் என்பது வருவாய் தேடுவது மட்டுமன்று. உண்ணல், உடுத்தல், குளித்தல், சமைத்தல் யாவும் தொழில்களே. மணற்பாங்கான தீவில் சக்கர நாற்காலியின் சில்லுகள் புதையும். அதற்குப் பாதை வேண்டும். கடலுக்குச் செல்ல இயலாதவர் அமர்ந்தபடியே வலை பொத்தலாம். அதற்கு ஏற்ற இருக்கை வேண்டும். பாரிசவாதத்தால் ஒரு கை சோர்ந்த மூதாட்டிக்குப் பனையோலைப் பெட்டி இழைப்பதே விரல்களுக்குப் பயிற்சியாகலாம். போரின்போது புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளால் அவயவம் இழந்தோருக்கும் இத்துறை துணை செய்யும்.

இந்தியாவில் இக்கல்விக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டு அவர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் தோன்றியபோது, அதை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாயிருந்தது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் இத்துறையில் இளமாணிப் பட்டம் வழங்குகின்றது.

முதுமாணிப் பட்டத்தை நாடுவோர் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் அவசியம். கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வேறு துறையில் முதற்பட்டம் பெற்றவரும் முதுமாணிக் கல்வி வழியாக இத்தொழிலுட் புகலாம். இந்தியாவிலோ, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்களில், இத்துறையிலேயே இளமாணிப் பட்டம் பெற்றவர்க்குத்தான் முதுமாணி வகுப்பில் இடமுண்டு. முன்னது தொழிலைக் கற்பிப்பது. பின்னது கற்ற தொழிலை ஆராயச் செய்வது. தொழிலுட் புகுவதற்கான கல்வி எதுவாயினும், அதில் ஆயிரம் மணி நேரக் களப்பயிற்சியேனும் இருத்தல் வேண்டும் என்பது உலகச் சம்மேளனத்தின் நியமம். வெளிநாட்டுப் பட்டத்தை நாடுவோர், அதற்கு இலங்கை மருத்துவப் பேரவையின் ஏற்பு உண்டா என்பதை முன்னரே விசாரித்தல் நன்று.

முதற்பட்டம் பெற்றவுடனே மேற்படிப்பில் இறங்குவதா, சில காலம் பணியாற்றிய பின் இறங்குவதா? வெளியூரிற் கழியும் ஒவ்வோர் ஆண்டும் நோயாளருக்கு ஒரு துணைக்கரம் குறையும் ஆண்டே. எனினும் ஆராய்ச்சியின்றிச் சிகிச்சை வளராது. சிகிச்சையாளர் அமைத்துக் கொடுத்த இருக்கையை மீனவர் ஆறு மாதத்தின் பின்னும் பயன்படுத்துகின்றாரா, மூலையில் ஒதுக்கிவிட்டாரா? ஒதுக்கியிருப்பின் காரணம் யாது? இவற்றை முறையாக அளந்தறியும் ஆற்றலை மேற்படிப்பு தருகின்றது. ஆனால் இத்தகைய கேள்விகள் வகுப்பறையிற் பிறப்பதில்லை. பேசாலையிலோ சிலாவத்துறையிலோ நோயாளரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்தவர்க்கே அவை தோன்றும். ஆகவே சில ஆண்டுகள் பணியாற்றி, விடை கிட்டாத ஒரு கேள்வியைக் கையிற் கொண்டு செல்பவருக்கே முதுமாணிப் படிப்பு முழுப்பயன் தரும். கண்ட விடையுடன் அதே முற்றத்துக்கு அவர் திரும்பி வருவாராயின், அப்பயன் கரையோர மக்களுக்கும் கிட்டும்.