அந்நியர் வீட்டில் ஒரு பிள்ளை

அயல் நாடு சென்று, ஹோட்டலில் தங்கி, மாளிகைகளையும் பொருட்காட்சி சாலைகளையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் அந்நாட்டைப் பற்றி நமக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார்கள். அங்கே தகப்பனும் மகனும் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஒரு தேசத்தின் வாழ்வு பெரும்பாலும் அடுப்பங்கரையில் அல்லவா நடைபெறுகிறது?

இதை ஒரு தோல்வியின் மூலம் கண்டறிந்தவர் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர். 1932-ஆம் வருஷம் அவர் சில அமெரிக்க வாலிபர்களை ஸ்விட்ஜர்லாந்துக்கு அழைத்துச் சென்று, ஐரோப்பிய வாலிபர்களுடன் ஒரே முகாமில் சேர்த்து வைத்தார். கூடி உண்டு விளையாடினால் சிநேகம் தானே வளரும் என்பது அவர் எண்ணம். நடந்ததோ வேறு. சம்பந்திகள் கலியாணப் பந்தலில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவதுபோல, ஒரே பாஷைக்காரர்கள் ஒன்றாக ஒதுங்கிவிட்டார்கள்! அதன் பின் வாட் முகாமைக் கைவிட்டு, வாலிபர்களைத் தனித்தனியே குடும்பங்களில் கொண்டு போய் விட்டார். அங்கே ஓடி ஒளியச் சொந்த தேசத்துக் கூட்டம் இல்லை. உப்பு வேண்டுமானாலும் அந்த வீட்டுப் பாஷையிலேதான் கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் 'சர்வதேச வாழ்க்கைப் பரிசோதனை' என்று பெயர் வைத்தார்.

இப்படிச் செல்கிறவன் வாடகைக்கு அறை எடுத்தவன் அல்லன், விருந்தாளியும் அல்லன். இத்தகைய திட்டங்கள் பலவற்றில் வீட்டாருக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆகையால் பாத்திரம் துடைப்பதிலும் படுக்கையை ஒழுங்கு செய்வதிலும் அவனுக்குப் பங்கு உண்டு. நம்மவர்களுக்கு முதல் சங்கடம் சாப்பாட்டு மேஜையில்தான் வரும். நம் வீடுகளில் இரண்டு முறை "வேண்டாம்" என்பது மரியாதை. மூன்றாம் முறை உபசரிப்பார்கள் என்று இலை காத்திருக்கும். அமெரிக்க வீட்டிலோ "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும்! மரக்கறி உண்பவர் புறப்படுமுன்பே அதை விவரமாக எழுதிவிட வேண்டும். காய்கறி சூப்பென்று வருவது மாம்ச ரசத்தில் வெந்ததாக இருக்கலாம். பெற்ற தாய்க்கு நன்றி சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. அங்கே ரொட்டித் துண்டை நகர்த்திக் கொடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாதவனைக் கர்வி என்று எண்ணுவார்கள்.

இவ்வளவும் செய்தால் தேசங்களுக்குள் பகை ஒழிந்துவிடுமா? ஒழியும் என்று நாம் சொல்லத் துணியோம். ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த மறு வருஷமான 1934-இல், ஸார்ஜென்ட் ஷ்ரைவர் என்ற வாலிபர் வாட்டின் திட்டத்தில் ஜெர்மனிக்குச் சென்றார். 1939-இல் யுத்தம் மூண்டதை அந்தச் சிநேகங்கள் தடுக்கவில்லை. ஆனால் அதே ஷ்ரைவர்தான் 1961-இல் அமெரிக்காவின் சமாதானப் படைக்கு முதல் தலைவரானார்.

இன்னொரு வரலாறும் உண்டு. யுத்த களத்தில் காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் சங்கம் 1914-இல் தோன்றியது. இரண்டாம் யுத்தம் முடிந்ததும் அவர்கள் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கினார்கள். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கக் குடும்பங்களுக்கு வந்தனர். சில வருஷங்களுக்குள் ஜெர்மன் பிள்ளைகளும் வந்தார்கள். நேற்றுவரை சத்துரு என்று பேசப்பட்டவனின் மகனுக்குத் தன் மகன் பக்கத்தில் தட்டு வைத்த தாயின் மனத்தை எண்ணிப் பாருங்கள்!

பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் வேண்டும். நம் பிள்ளையை அங்கே அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர், அவர்கள் பிள்ளை இங்கே வருவதென்றால் தயங்குகிறார்கள். நம் காரத்தை அது தாங்குமா என்பது சொல்லும் காரணம். சமையலறைக்குள் யாரை விடலாம், யாரை விடலாகாது என்னும் பழைய கணக்கு சொல்லாத காரணம். அந்தக் கணக்கு அயல் நாட்டுப் பிள்ளைக்காக மட்டும் போடப்பட்டது அன்று என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ரசமும் சாதமும் வைக்கக் கற்றுக்கொண்டு புறப்படுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே உங்களைச் சமைக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.