தீராத நோயிற் செய்யும் தீர்மானங்கள்

புற்றுநோய் என்னும் சொல்லை நம்மவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவர். "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திக் கூறுவோரே பலர். தொடக்கத்திற் கண்டறியப்படும் புற்றுநோய்களுட் பல இன்று குணமாக்கப்படுகின்றன என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியதன்று. நோய் உடலின் பல பாகங்களுக்கும் பரவி, இனி முற்றாகக் குணமாக்க இயலாது என்று வைத்தியர் கண்டுகொண்ட பின்னர், நோயாளியும் குடும்பத்தவரும் செய்யவேண்டிய தீர்மானங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

குணமாக்க இயலாது என்றதும், செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் தீர்மானிக்க வேண்டியவை அப்போதுதான் பெருகுகின்றன. இன்னொரு முறை மருந்தேற்றுவதா, நிறுத்துவதா? மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு மீண்டும் போவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா? மூச்சுத் தடைப்பட்டால் இயந்திரத்தின் துணையை நாடுவதா? உணவு இறங்காதபோது குழாய் வைப்பதா? காணி, வீடு, பிள்ளைகளின் காரியம் ஆகியவற்றை எப்போது ஒழுங்கு செய்வது? இவையெல்லாம் ஒருவருடைய வாழ்நாளின் கடைசிப் பகுதி எப்படிக் கழியும் என்பதை நிச்சயிக்கும் வினாக்கள். இவற்றுக்கு விடை கூறும் முதலுரிமை யாருக்கு உண்டு?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தந்தையாருக்கு வயது எழுபது. ஈரலுக்கும் நோய் பரவிவிட்டது. மூத்த மகன் வைத்தியரைத் தனியே கண்டு, "ஐயாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மனமுடைந்து போவார்" என்று கேட்டுக்கொள்கிறான். வீட்டில் எல்லோரும் "வயிற்றுப் புண், மாறிவிடும்" என்கின்றனர். தந்தையாரோ தம் உடல் மெலிவதையும், மனைவியின் கண் கலங்கியிருப்பதையும் காண்கிறார். அவருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார். இவ்வாறு ஒருவரையொருவர் காப்பாற்ற முயன்று, ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனியராகின்றனர். எழுத வேண்டிய உறுதி எழுதப்படுவதில்லை. காண விரும்பிய தங்கையை அழைப்பிப்பதில்லை. அன்பினாற் செய்த மறைப்பு, அவருக்கு எஞ்சியிருந்த காலத்தை அவர் கையிலிருந்து எடுத்துவிடுகிறது.

இந்த மறைப்பு நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வைத்தியர்கள் 219 பேரிடம் வினாவியபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 90 வீதத்தினர் புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979ஆம் ஆண்டில் அந்நாட்டின் வேறொரு வைத்தியசாலையில் அதே வினாக்களைக் கேட்டபோது, 97 வீதத்தினர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் வழக்கம் தலைகீழாக மாறிவிட்டது.

அப்படியாயின், உண்மையை முகத்திலடித்தாற்போற் சொல்லிவிடலாமா? கூடாது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே முதலிற் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வைத்தியர் சிலர் இதற்கென ஆறு படிகளைக் கொண்ட ஒரு முறையை வெளியிட்டனர். அமைதியான இடத்தில் அமர்தல்; தம் நோயைப் பற்றி நோயாளி என்ன விளங்கியிருக்கிறார் என்று கேட்டல்; மேலும் அறிய விரும்புகிறாரா என்று அனுமதி பெறுதல்; எளிய சொற்களிற் சிறிது சிறிதாகக் கூறுதல்; அவருடைய துயரத்துக்கு இடங்கொடுத்தல்; மேற்கொண்டு செய்வதை அவருடன் சேர்ந்து திட்டமிடுதல் என்பனவே அவை. வைத்தியருக்காக வகுத்த இம்முறை குடும்பத்தவர்க்கும் பயன்படும்.

"அப்பா, டாக்டர் சொல்வதை நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, அல்லது எங்களிடம் சொன்னாற் போதுமா?" என்று மகள் கேட்கலாம். "எனக்கு ஒன்றும் வேண்டாம், தம்பியிடம் சொல்லுங்கள்" என்று அவர் கூறினால், அதுவும் அவர் செய்த தீர்மானமே. அதை மதிக்க வேண்டும். கேளாமலே அவருக்காக முடிவு செய்வதுதான் தவறு.

வைத்தியரிடம் போகும்போது சில வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இச்சிகிச்சை நோயைக் குணமாக்குவதற்கா, ஆயுளை நீட்டுவதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா? இதனால் வரக்கூடிய தொல்லைகள் யாவை? எத்தனை நாட்கள் வைத்தியசாலையிற் கழியும்? இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எஞ்சிய காலம் நாட்களா, கிழமைகளா, மாதங்களா? சரியான திகதியை எந்த வைத்தியராலும் கூற முடியாது. ஆயினும் இத்தகைய மதிப்பீடு கிடைத்தால், மகளின் திருமணத்தை முன்கூட்டி நடத்துவதா என்பது போன்ற காரியங்களைத் தீர்மானிக்கலாம்.

அடுத்து, நோய் தணிப்புப் பராமரிப்பு என்பதைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம். நோயை மாற்ற முடியாதபோதும் நோவு, மூச்சுத்திணறல், வாந்தி, மனக்கவலை ஆகியவற்றைத் தணிக்கும் வைத்தியம் இது. இதற்கு வழிவகுத்தவர் டாக்டர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் சமூக சேவையாளராகவும் பணியாற்றிப் பின்னர் வைத்தியரான அவர், 1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வேதனை உடலில் மட்டும் இல்லை, உள்ளத்திலும் குடும்பக் கவலையிலும் வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கத்திலும் உண்டு என்பது அவர் போதித்த பாடம். நமக்கு அருகே கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் இப்பணி தொடங்கியது. பின்னர் அயலவர்களே பயிற்சி பெற்று, தாதியருடன் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் ஏற்பாடாக அது வளர்ந்தது.

மோர்பின் மருந்தைப் பற்றி ஓர் அச்சம் நம்மிடையே உண்டு. கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் இறந்துவிடுவார் என்பர். 1986ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் புற்றுநோய் வலிக்கான மருந்துமுறையை வகுத்தது. முடிந்தவரை வாய்வழியாகவும், குறித்த நேரங்களிலும், வலியின் கடுமைக்கேற்ப அளவிட்டும் மருந்து கொடுக்க வேண்டும் என்பது அது. வைத்தியர் இவ்வாறு அளந்து கொடுக்கும் மோர்பின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. மலச்சிக்கல் வருவது வழக்கமாதலின், அதற்கும் மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

இப்பராமரிப்பைக் கடைசி நாட்களுக்கென ஒத்திவைக்கவும் வேண்டியதில்லை. பொஸ்டன் நகரில் முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே நோய் தணிப்புப் பராமரிப்பையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர். இறுதிக் காலத்திற் கடுஞ்சிகிச்சைகளையும் குறைவாகவே பெற்றனர். எனினும் அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இதைக் கொண்டு எல்லோருக்கும் ஆயுள் கூடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேதனையைத் தணிப்பதை நாடினால் வாழ்நாள் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

குடும்பத்துக்குள் கருத்து வேற்றுமை எழுதல் இயல்பு. இரவு பகலாகத் தாயைத் தூக்கிப் பராமரிக்கும் மகள் "இனி அம்மாவை வருத்த வேண்டாம்" என்பாள். கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசும் மகன் "செலவைப் பாராதீர்கள், எல்லாம் செய்யுங்கள்" என்பான். தூரத்திலிருப்பவனை உறுத்துவது அருகில் இல்லையே என்னும் துயரம். அருகிலிருப்பவளை வருத்துவது களைப்பு. இருவரும் தாயை நேசிப்பவர்களே. தமக்கு எது வேண்டும் என்று இருவரும் வாதாடுவதை விட்டு, "அம்மா எதை விரும்புவார்?" என்ற ஒரே வினாவை இருவரும் கேட்டுக்கொண்டால் பிணக்குத் தணியும். அம்மா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதை அவரிடம் கேட்டு, ஒருவர் எழுதி வைத்தல் நன்று. வைத்தியருடன் பேசவும் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். எழுதியது மாறாத சட்டமன்று. நோயாளி நாளை மனம் மாறினால் தீர்மானமும் மாறலாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். இறுதி நாட்களில் உடல் உணவை வேண்டாது. "சாப்பிடாமல் விட்டோமே" என்று பின்னர் பலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்ணாமையால் நோய் முற்றுவதில்லை. நோய் முற்றியமையால் உண்ண முடிவதில்லை. அப்போது உதட்டை நனைத்தலும், கையைப் பற்றியிருத்தலும், விருப்பமான தேவாரத்தையோ செபத்தையோ அருகிருந்து சொல்லுதலுமே பராமரிப்பாகும். இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் முறையும், நோய் முற்றிய நிலையில் அரிதாகவே பயன் தரும். அது வேண்டுமா என்பதையும் முன்னரே வைத்தியருடன் பேசிக்கொள்வது நல்லது.

நேயர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய நோயாளர் ஒருவர் இருப்பாராயின், இவ்வினாக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளிற் கேட்க வேண்டியதில்லை. வேதனை சற்றுத் தணிந்திருக்கும் ஒரு மாலைப் பொழுதில் அருகே அமர்ந்து, "உங்களுக்கு இப்போது எது முக்கியம்?" என்று கேளுங்கள். பிறகு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமற் கேட்டிருங்கள். மற்றத் தீர்மானங்களை அவருடைய விடையிலிருந்து தொடங்கலாம்.