மேகம் குடையா, போர்வையா?

நண்பகல்வரை வெயில் சுட்டெரிக்கும். மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மேகம் கலைந்துபோகும். சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் வசிப்போருக்கு இது பழகிப்போன காட்சி. குடை எடுத்துச் செல்வதா, துணியைக் காயப்போடுவதா என்பதோடு மேகத்தைப் பற்றிய நம் கவலை முடிந்துவிடும்.

பருவநிலை ஆய்வாளர்களின் கவலை அதைவிடப் பெரியது. காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும்? 1979ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் குழு ஒன்று, 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை என்று கணித்தது. 2021ல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலை வல்லுநர் குழு அதை 2.5 முதல் 4 டிகிரி வரை என்று சுருக்கியது. இதற்கே 42 ஆண்டுகள் பிடித்தன. மீதமிருக்கும் இடைவெளிக்கு முதன்மைக் காரணம் மேகங்கள்.

ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால் கடலோரத் தடுப்பை எவ்வளவு உயரம் கட்டுவது, நெல் எந்த அளவு வெப்பத்தைத் தாங்கவேண்டும், முதியோர் எத்தனை நாள் வெளியே போகாமல் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒன்றரை டிகிரியே முடிவுசெய்யும்.

இரண்டு வேலை

பூமியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எந்நேரமும் மேகம் மூடியிருக்கிறது. கடலுக்கு மேலே தாழ்வாகப் பரவும் அடர்ந்த வெண்மேகம், வெயிலைத் திருப்பி அனுப்பும் குடை. மிக உயரத்தில் மெல்லிய இழைகளாகப் படரும் பனித்துகள் மேகம், பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாத போர்வை. மொத்தத்தில் குடை வெல்கிறதா, போர்வை வெல்கிறதா? தரையில் நின்றபடி இதற்கு விடை காண முடியாது. பூமியை வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

அந்த விடையைத் தந்தவர்களில் முக்கியமானவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். தொடக்கத்தில் செக்கந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவது அவர் பொறுப்பு. பிறகு மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே அவருடைய வழிகாட்டியின் கவனம் கோள்களின் வாயுமண்டலத்தின் பக்கம் திரும்பியது. மாணவரும் அதே பாதையில் போய் 1974ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டே, முன்பு கசிவு பார்த்த அதே வகை வாயுக்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவற்றின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பல்லாயிரம் மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று அவர் காட்டினார்.

மேகங்கள் பற்றிய விடை 1989ல் வந்தது. சேலஞ்சர் விண்ணோடம் 1984ல் விண்ணில் விட்ட துணைக்கோளம் உள்ளிட்ட கருவிகளின் அளவீடுகளை ராமநாதனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேகங்கள் சுமார் 45 வாட் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன; சுமார் 31 வாட் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன. ஆக, குடைதான் வெல்கிறது. பிற்கால அளவீடுகள் இந்தக் குளிர்ச்சியை ஏறத்தாழ 20 வாட் என்று காட்டின. கரியமில வாயு இருமடங்காவதால் கூடும் வெப்பம் 4 வாட் அளவுதான். குடை சற்றே சுருங்கினாலும் கணக்கு மாறிவிடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்றைய மேகம் குளிர்விக்கிறது என்பது தெரிந்துவிட்டது. பூமி சூடாகச் சூடாக அந்த மேகம் என்னவாகும்? இன்றைய முனைவர் பட்ட மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியின் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

வானத்தில் கண், மேசையில் வேலை

இத்தகைய ஆய்வு பெரும்பாலும் கணினி முன்னால்தான் நடக்கிறது. முதல் சிக்கல் நேரம். 'டெரா' துணைக்கோளம் காலை 10.30 மணியளவிலும், 'அக்குவா' பிற்பகல் 1.30 மணியளவிலும் நிலநடுக்கோட்டைக் கடக்கும் வகையில் அனுப்பப்பட்டவை. நம் வட்டாரத்து இடிமழை மேகமோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஓங்கி வளர்கிறது. அதனால் ஜப்பானின் 'ஹிமாவாரி' துணைக்கோளம் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இங்குள்ள ஆய்வுகளுக்குப் பெருந்துணை.

அடுத்தது, மேலிருந்து பார்க்கும்போது உயரத்து மேகம் அடியிலுள்ள மேகத்தை மறைத்துவிடும். 2006ல் ஒன்றாக ஏவப்பட்ட 'கிளவுட்சாட்', 'கலிப்சோ' துணைக்கோளங்கள் ரேடாராலும் லேசராலும் மேகத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டின. அவை ஓய்ந்த பிறகு, 2024 மே மாதம் ஏவப்பட்ட 'எர்த்கேர்' அந்தப் பணியைத் தொடர்கிறது.

மாணவரின் நேரத்தை அதிகம் விழுங்குவது தரவுகளைச் சரிபார்ப்பது. கடலில் பளபளக்கும் வெயிலைக் கணினி மேகமென்று எண்ணிவிடலாம். டெராவும் அக்குவாவும் முதுமையடைந்து, நிலநடுக்கோட்டைக் கடக்கும் நேரம் அண்மை ஆண்டுகளில் நகர்ந்துவருகிறது. இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மாறியது துணைக்கோளத்தின் நேரமாக இருக்க, மேகமே மாறிவிட்டதாக முடிவு வந்துவிடும்.

நம் கடலில் ஒரு சோதனை

மேகத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. ஆனால் 2020 ஜனவரி 1ஆம் தேதி உலகமே ஆய்வுக்கூடமானது. அன்றுமுதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

கப்பல் புகையிலுள்ள கந்தகத் துகள்களைச் சுற்றி நீர்த்துளிகள் உருவாகின்றன. துகள்கள் கூடினால் துளிகள் சிறியதாகவும் ஏராளமாகவும் அமைந்து, மேகம் மேலும் வெளுக்கும். கப்பல்கள் போன வழியெல்லாம் மேகத்தில் வெண்கோடுகள் விழுவதைத் துணைக்கோளங்கள் பல்லாண்டுகளாகப் படம்பிடித்துள்ளன. புதிய விதிக்குப் பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன.

மலாக்கா நீரிணையை ஒட்டிய கடல்களில் வேறொரு மாற்றமும் தெரிந்தது. இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் தடங்களுக்கு மேல், அக்கம்பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் வெட்டுவதாக 2017ல் ஓர் ஆய்வு தெரிவித்திருந்தது. மின்னலின் வானொலி அலைகளைப் பிடிக்கும் தரைநிலையங்கள் தந்த தகவல் அது. கந்தகம் குறைந்த பிறகு, அந்தத் தடங்களின் மின்னலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

புகை குறைந்தால் நுரையீரலுக்கு நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் வெண்மேகம் மங்கினால் வெயில் சற்றுக் கூடுதலாகக் கடலில் இறங்கும். புகை இத்தனை காலம் மறைத்துவைத்திருந்த சூட்டில் ஒரு பகுதி இப்போது வெளிப்படுகிறது.

விடை தேடுவோர்

2023ல் பூமி திருப்பியனுப்பிய வெயிலின் பங்கு, பதிவுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. தாழ்வான மேகங்கள் குறைந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று 2024 இறுதியில் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறியது. மேகம் ஏன் குறைந்தது? காற்று சுத்தமானதாலா, இயல்பான ஏற்ற இறக்கமா, பூமி சூடாவதன் விளைவா? சுத்தமான காற்று காரணமென்றால் அது ஓரளவோடு நின்றுவிடும். சூடுதான் மேகத்தைக் குறைக்கிறது என்றால், சூட்டால் மேகம் குறைய, மேகம் குறைவதால் சூடு ஏற, கணிப்பு 4 டிகிரியின் பக்கம் சாயும்.

இந்த விடைக்கு இயற்பியல், கணிதம், கணினி நிரலாக்கம் தெரிந்த இளையர்கள் தேவை. வானிலை படித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ராமநாதன் பொறியியலிலிருந்து வந்தவர்தான். துணைக்கோளத் தரவுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹிமாவாரியின் அண்மைப் படங்களை யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அடுத்த முறை பிற்பகலில் வானம் கறுக்கும்போது பிள்ளைகளோடு அதைத் திறந்து பாருங்கள். நம் தலைக்கு மேலே நிற்கும் மேகம் எங்கிருந்து வளர்ந்து வந்தது என்று பத்துப் பத்து நிமிடமாகக் காட்டும்.