புது வீடும் அயலானின் உயிரும்

பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த நம்முடைய குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது பல ஆண்டு ஜெபமும் சேமிப்புமாகும். ஐதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியில் வேலைசெய்து, அதன் சுற்றுப்புறங்களில் மனை தேடுகிறவர்கள், 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தை மறந்துவிடலாகாது.

அம்மாதம் 13ஆம் தேதி இரவு பெய்த பெருமழையில், அருகிலுள்ள பண்ட்லகூடாவில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தது. கைக்குழந்தை உட்படப் பலர் மாண்டனர். சில நாட்களுக்குள்ளாகவே குர்ரம் செருவு என்னும் ஏரியின் கரை உடைந்து, ஹாபிஸ் பாபா நகர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

சரிவான நிலத்தில் சுவர்கள் மழைக்காலத்தில் விழுவது ஏன்? சுவருக்குப் பின்னாலுள்ள மண் நீரைக் குடித்துக் கனத்து, சுவரைத் தள்ளுகிறது. ஆகவே அங்கே மண்ணைத் தாங்கும்படி கட்டப்படும் சுவருக்கு ஆழமான அஸ்திவாரமும், பின்புறத்தில் ஜல்லி நிரப்பும், நீர் வெளியேறத் துளைகளும் அவசியம். எல்லையைக் காட்டுவதற்கென்று எழுப்பிய மெல்லிய சுவர் அப்பாரத்தைத் தாங்காது. அது விழும்போது, பெரும்பாலும் கட்டினவன்மேல் அல்ல, தாழ்விடத்தில் குடியிருக்கும் ஏழையின்மேல் விழுகிறது.

நிலத்தைத் தெரிந்துகொள்ளுவதும் அப்படியே. கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரி மனையைப்போலவே காணப்படும். ஆனால் ஏரி நிரம்பும்போது நீர் எட்டும் எல்லைக்குள் வீடு கட்ட அனுமதியில்லை. அதற்கு அப்பாலும், 10 ஹெக்டேரும் அதற்கு மேலுமான ஏரிகளுக்கு 30 மீட்டரும், அதிலும் சிறியவைகளுக்கு 9 மீட்டரும் காலியாக விடவேண்டும் என்பது இந்நகரத்தின் கட்டட விதி. 2024இல் அரசு ஏற்படுத்திய ஹைட்ரா அமைப்பு, இந்த எல்லைகளுக்குள் எழும்பிய கட்டடங்கள் பலவற்றை இடித்தது. பத்திரம் பதிவானதினால் மாத்திரம் ஒரு நிலம் வீட்டுக்கு ஏற்றதாகிவிடாது. முன்பணம் கொடுக்குமுன் ஏரி எல்லை வரைபடத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அவ்விடத்தில் போய் நில்லுங்கள்.

"இங்கே நிலநடுக்கம் வராது" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. நம்மைப்போலவே தக்காணப் பீடபூமியிலுள்ள லாத்தூர் பகுதியும், அக்காலத்து வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ளதாகவே குறிக்கப்பட்டிருந்தது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அதிகாலையில், மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள், உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன; ஏறக்குறைய 8,000 பேர் மடிந்தனர். நான்கு சுவர்களையும் சுற்றிக் கட்டும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை, அஸ்திவாரத்தின் மேலும், கதவு ஜன்னல் தலைமட்டத்திலும் இருக்குமானால், சுவர்கள் தனித்தனியே பிரிந்து விழாமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வீட்டின் மொத்தச் செலவில் அது சிறு பங்கே. பணம் குறையும்போது பளிங்குத் தரையைக் குறையுங்கள். கம்பியையும் சிமெண்டையும் குறையாதிருங்கள்.

பிரியமானவர்களே, புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அது வீட்டுக்காரனின் அழகுக்காக அல்ல, அங்கிருந்து ஒருவன் விழுந்து, அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சுமராதபடிக்கே. வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போதகரை அழைப்பதில் நாம் தவறுவதில்லை. அஸ்திவாரம் தோண்டும் நாளிலே தகுதியான ஒரு பொறியாளரையும் அழைப்போமாக. நம் வீடு நமக்கு நிழலாவதோடு, அயலானுக்கு ஆபத்தில்லாததாயும் இருக்கட்டும்.